பொது அன்ரனாவிலிருந்து வீட்டுச் சேவையகம் வரை: அமெரிக்கக் கட்டணத் தொலைக்காட்சியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வரலாறு என்பது அரசர்களினதும் போர்களினதும் கதை மட்டுமன்று. ஒரு சமுதாயம் தன் வீட்டுக் கூரையில் எதனை நாட்டியது, எதனைப் பிடுங்கியது என்பதும் வரலாறேயாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1950களிலே கூரைகள் தோறும் அன்ரனாக்கள் எழுந்தன. 1980களில் அவற்றிற் பல அகற்றப்பட்டு, வீதியோரக் கம்பத்திலிருந்து இறங்கிய கேபிள் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. அண்மைக் காலத்திலோ இலட்சக்கணக்கான குடும்பங்கள் அந்தக் கேபிளைத் துண்டித்துவிட்டன. அவை ஸ்ட்ரீமிங் எனப்படும் இணையவழிச் சேவைகளுக்குச் சந்தா செலுத்துகின்றன. பல குடும்பங்கள் மீண்டும் அன்ரனாவை நாட்டுகின்றன. சில குடும்பங்கள் வீட்டின் ஒரு மூலையிலே சேவையகம் எனப்படும் கணினியொன்றை வைத்துத் தமக்கென ஒரு நிகழ்ச்சிக் களஞ்சியத்தையே அமைத்துக்கொள்கின்றன.

இம்மாற்றத்தைக் கருவிகளின் வளர்ச்சியாகவோ, செலவைக் குறைக்கும் சிக்கனமாகவோ விளக்கிவிடுவது வழக்கம். இரண்டும் உண்மையே, எனினும் முழு உண்மையல்ல. கேபிள் என்பதே தொடக்கத்தில் ஓர் அன்ரனாவாகத்தான் இருந்தது. அந்த அன்ரனா எவ்வாறு ஒரு சுங்கச் சாவடியாக மாறியது என்பதை நோக்கும்போது, இவ்வரலாற்றின் அடியில் ஒரே வினா தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். வீட்டுக்குள் வந்து சேர்ந்த ஒளியும் ஒலியும் வீட்டாருக்கு எந்த அளவுக்கு உரியன? அவற்றை அவர்கள் தாமாகப் பெறலாமா, பெற்றதை வைத்திருக்கலாமா, அல்லது பிறர் அனுமதிக்கும் வரை பார்க்க மட்டும் முடியுமா? இவ்வினா கடந்த எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எவ்வாறு விடையளிக்கப்பட்டு வந்துள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வரலாறு பயில்வோராகிய நம்மை இவ்வினா நேரடியாகவே தொடுகின்றது என்பது கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

மலைமீது நின்ற அன்ரனா

தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. குன்றொன்று குறுக்கிட்டால் அதன் மறுபுறத்துப் பள்ளத்தாக்கிற் படம் தெரியாது. இரண்டாம் உலகப் போரின் பின் பெருநகரங்களிலே நிலையங்கள் தோன்றியபோது, பென்சில்வேனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்கள் பல இந்நிலையிலேயே இருந்தன. இவ்வியற்கைக் காரணத்தோடு நிருவாகக் காரணம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. நிலையங்களின் அலைகள் ஒன்றையொன்று குழப்புவதைக் கண்ட சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, 1948 செப்ரெம்பர் 30 முதல் புதிய நிலையங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தியது. குறுகிய காலத்துக்கென எண்ணப்பட்ட அத்தடை 1952 ஏப்பிரல் வரை நீடித்தது. அந்த மூன்றரை ஆண்டுக் காலத்திலும் சிற்றூர் மக்கள், நகரத்தார் பார்ப்பதைத் தாம் பார்க்க முடியாதவர்களாயிருந்தனர்.

அவ்வூர்களிலே தொலைக்காட்சிப் பெட்டி விற்ற கடைக்காரரே இதற்கு முதலில் வழி தேடினர். படம் தெரியாத ஊரிற் பெட்டியை யார் வாங்குவர்? மகனோய் சிற்றி என்னும் ஊரில் மின்சாதனக் கடை வைத்திருந்த ஜோன் வால்சன் என்பவர், அருகிலுள்ள மலையில் அன்ரனாவை நாட்டிப் பிலடெல்பியா நிலையங்களின் அலைகளைப் பிடித்து, கம்பி வழியே ஊருக்குள் இறக்கினார். இது 1948ஆம் ஆண்டு என்று அவர் பின்னர் கூறினார். ஆயினும் அதனை நிறுவும் அக்காலத்து ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில், ஒரேகன் மாநிலத்து அஸ்ரோரியா நகரில் எட் பார்சன்ஸ் என்னும் வானொலி நிலையத்தார், ஏறத்தாழ 125 மைல் தொலைவிலிருந்த சியாற்றில் நிலையத்தின் அலைகளை ஹோட்டல் ஒன்றின் கூரையிற் பிடித்து அயலாருடன் பகிர்ந்துகொண்டார். 1950இல் பென்சில்வேனியாவின் லான்ஸ்போர்ட் ஊரில் றொபேட் ராள்ரன் என்பவர் கடைக்காரர் சிலரோடு கூடி, இதனை முறையான ஒரு வாணிப முயற்சியாக நடத்தலானார். இவற்றுள் எது முதலாவது என்பது ஆய்வாளரிடையே வாதத்துக்குரியது. ஓரிடத்தில் ஒருவர் கண்டுபிடித்ததென்பதைவிட, ஒரே இடர்ப்பாடு பல ஊர்களில் ஒரே விடையைத் தோற்றுவித்தது என்று கொள்வதே பொருத்தமாகும்.

இம்முறைக்குச் சமுதாய அன்ரனாத் தொலைக்காட்சி என்ற பெயர் வழங்கியது. இப்பெயரைக் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். அங்கு விற்கப்பட்டது நிகழ்ச்சியன்று. நிகழ்ச்சியைப் பெறும் வசதி மட்டுமே. ஊரார் தத்தம் கூரைகளில் நாட்டியும் பயன்பெறாத அன்ரனாக்களுக்குப் பதிலாக, எல்லோருக்கும் பொதுவான ஓர் அன்ரனா உயர்ந்த இடத்தில் நின்றது. அதன் பராமரிப்புக்காக அவர்கள் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் செலுத்தினர்.

நீதிமன்றமும் இக்கருத்தையே முதலில் ஏற்றது. தம் திரைப்படங்களைக் கேபிள்காரர் அனுமதியின்றி ஊராருக்குக் காட்டுகின்றனர் என்று யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில், 1968இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கேபிள்காரருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கேபிள் நிறுவனம் ஒளிபரப்புவோரின் பக்கத்தைச் சார்ந்ததன்று, பார்ப்போரின் பக்கத்தைச் சார்ந்தது. அது பார்வையாளனின் அன்ரனாவை மேம்படுத்திக் கொடுக்கும் தொழிலையே செய்கின்றது என்பது அத்தீர்ப்பின் சாரமாகும். 1974இலும் நீதிமன்றம் இதே நிலைப்பாட்டை மேற்கொண்டது. எனினும் 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் மூலம் காங்கிரஸ் இந்நிலையை மாற்றியமைத்தது. அதன்படி கேபிள் நிறுவனங்கள் சட்டம் விதித்த கட்டணத்தைச் செலுத்தியே பிறர் ஒளிபரப்பை மீள வழங்கலாயின. பொது அன்ரனா என்ற கருத்துக்குச் சட்டத்தில் ஏற்பட்ட முதலாவது பின்னடைவு இதுவெனலாம்.

சுங்கச் சாவடியின் தோற்றம்

பணம் செலுத்தித் தொலைக்காட்சி பார்ப்பது என்னும் எண்ணம் கேபிளுக்கு வெளியேயும் வளர்ந்து வந்தது. 1951இல் செனித் நிறுவனம் சிக்காகோவில் 300 குடும்பங்களைக் கொண்டு, படமொன்றுக்கு ஒரு டொலர் அறவிடும் சோதனையொன்றை நடத்தியது. 1964இல் கலிபோர்ணியாவில் இத்தகைய சேவையொன்று தொடங்கப்பட்டபோது, திரையரங்கு உரிமையாளர்கள் அதனை எதிர்த்து இயக்கம் நடத்தினர். அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற வாக்கெடுப்பில் அம்மாநிலத்து மக்கள் கட்டணத் தொலைக்காட்சியையே தடை செய்தனர். 1966இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அத்தடை அரசியலமைப்புக்கு முரணானதெனக் கூறியபோதிலும், அதற்கிடையில் அந்நிறுவனம் வீழ்ச்சியடைந்துவிட்டது. இலவசமாகக் கிடைப்பதற்கு விலை வைக்கப்படும் என்ற அச்சம் அன்றைய மக்களிடையே எத்துணை வலுவாக இருந்தது என்பதற்கு இவ்வாக்கெடுப்பு சான்றாகும்.

மக்கள் வாக்கினால் முடியாததைக் கம்பி செய்து முடித்தது. 1972 நவம்பர் 8ஆம் நாள் ஹோம் பொக்ஸ் ஒபிஸ், சுருக்கமாக எச்.பி.ஓ., என்னும் கட்டணச் சேவை பென்சில்வேனியாவின் வில்க்ஸ் பார் நகரில் 365 சந்தாதாரருடன் தொடங்கியது. அச்சேவையை முதன்முதலில் வீடுகளுக்குக் கொண்டுசென்ற கேபிள், மேலே குறிப்பிட்ட ஜோன் வால்சனின் நிறுவனத்துக்குரியதாகும். பள்ளத்தாக்கு மக்களுக்கு இலவச ஒளிபரப்பை எட்டச் செய்த அதே கம்பி, கால் நூற்றாண்டு கழியுமுன்னரே, பணம் செலுத்தியோருக்கு மட்டும் திறக்கும் கதவாயிற்று. இவ்வரலாறு முழுவதன் சுருக்கத்தையும் இந்த ஒரு நிகழ்விற் காணலாம்.

1975இல் மணிலாவை அடுத்த கேசோன் சிற்றியில் முகமட் அலியும் ஜோ பிரேசியரும் மோதிய குத்துச் சண்டையை எச்.பி.ஓ. செய்மதி வழியே கேபிள் நிறுவனங்களுக்கு அனுப்பியது. பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலகெங்கும் செய்திகளை அனுப்பலாம் என்று 1945இலே எழுதியவரும், பின்னர் நமது நாட்டையே தம் வாழிடமாகக் கொண்டவருமான ஆதர் சி. கிளாக்கின் கருத்து வாணிப வடிவம் பெற்ற தருணங்களுள் இதுவும் ஒன்றாகும். செய்மதியின் வரவால் ஓர் அலைவரிசை ஒரே வேளையில் நாடெங்குமுள்ள கேபிள்களைச் சென்றடையலாயிற்று. 1979இல் விளையாட்டுக்கென ஈ.எஸ்.பி.என்.னும், 1980இல் செய்திக்கெனச் சி.என்.என்.னும் தோன்றின. கேபிள் நிறுவனம் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இவ்வளவு என அலைவரிசைகளுக்குக் கொடுத்தது. வீட்டார் விரும்பினும் விரும்பாவிடினும் அவை யாவும் ஒரே பொதியாகக் கட்டப்பட்டு ஒரே பட்டியலில் அறவிடப்பட்டன. விளையாட்டையே பாராத மூதாட்டியும் விளையாட்டு அலைவரிசைக்குப் பங்களிக்க வேண்டியவரானார்.

1984ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைப் பெருமளவில் நீக்கியது, கட்டணங்கள் ஏறின. மக்களின் முறைப்பாடுகள் பெருகவே 1992இல் காங்கிரஸ் புதிய சட்டமொன்றை இயற்றியது. சனாதிபதி ஜோர்ஜ் புஷ் தமது மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியும் காங்கிரஸ் அதனை மீறி நிறைவேற்றியது. அவர் பயன்படுத்திய மறுப்புகளுள் இவ்வாறு தோற்கடிக்கப்பட்டது இது ஒன்றே என்பது, கேபிள் கட்டணம் எத்துணை பெரிய அரசியற் பிரச்சினையாக வளர்ந்திருந்தது என்பதைப் புலப்படுத்தும். ஆயினும் அதே சட்டம், தமது ஒளிபரப்பை மீள வழங்குவதற்குக் கேபிள் நிறுவனங்களிடம் விலை கேட்கும் உரிமையை ஒளிபரப்பு நிலையங்களுக்கு அளித்தது. காலப்போக்கில் இவ்விலை வீட்டாரின் பட்டியலில் வந்து சேர்ந்தது. காற்றிலே இலவசமாக வரும் நிகழ்ச்சிக்கே கேபிளில் விலை செலுத்தும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

வீட்டாரின் மறுமொழி

வீட்டார் இவற்றையெல்லாம் வாளாவிருந்து ஏற்றுக்கொண்டனர் என எண்ணுதல் தவறாகும். 1970களின் பிற்பகுதியிலிருந்தே சிலர் பெரிய தட்டு அன்ரனாக்களைத் தாமே அமைத்து, கேபிள் நிறுவனங்களுக்கென அனுப்பப்பட்ட செய்மதி அலைகளை நேரடியாகப் பெறத் தொடங்கினர். கேபிள் சென்றடையாத கிராமப்புறங்களில் இத்தட்டுகள் விரைவிற் பெருகின. 1984ஆம் ஆண்டுச் சட்டமும், பூட்டப்படாத செய்மதி அலைகளை வீட்டுப் பயன்பாட்டுக்குப் பெறுவதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. பூட்டப்படாத என்ற சொல்லிலேதான் சூழ்ச்சி இருந்தது. 1986 சனவரியில் எச்.பி.ஓ. தனது அலைகளை முழுநேரமும் மறைகுறியாக்கி, தட்டு வைத்திருந்தோரிடம் மாதம் 12.95 டொலர் கேட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் இரவு, புளோரிடாவிலிருந்த பொறியியலாளர் ஒருவர் அச்சேவையின் செய்மதி அலையைச் சில நிமிடங்கள் மேவி, அக்கட்டணத்தைக் கண்டிக்கும் வாசகத்தை நாட்டின் கிழக்குப் பாதியிலுள்ள திரைகளில் தோன்றச் செய்தார். அவர் கண்டுபிடிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார், மறைகுறி நிலைத்துவிட்டது.

பெறும் உரிமையில் வீட்டார் தோற்ற அதே காலத்தில், வைத்திருக்கும் உரிமையில் அவர்கள் வென்றமை குறிப்பிடத்தக்கது. சோனி நிறுவனத்தின் பீற்றாமக்ஸ் என்னும் வீடியோப் பதிவுக் கருவிக்கு எதிராக, யுனிவேர்சல், டிஸ்னி ஆகிய திரைப்பட நிறுவனங்கள் 1976இல் வழக்குத் தொடுத்தன. வீட்டில் இருந்தபடி நிகழ்ச்சியைப் பதிவு செய்வோர் பதிப்புரிமையை மீறுகின்றனர் என்பதும், அதற்கான கருவியை விற்போர் அதற்குப் பொறுப்பாளிகள் என்பதும் அவற்றின் வாதம். 1979இல் கீழ் நீதிமன்றம் சோனிக்குச் சார்பாகவும், 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் எதிராகவும் தீர்ப்பளித்தன. ஈற்றில் 1984 சனவரி 17ஆம் நாள் உயர் நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், பின்னர் பார்ப்பதற்காக வீட்டிற் பதிவு செய்தல் நியாயமான பயன்பாடே எனத் தீர்த்தது. ஒரு நீதியரசரின் வாக்கு மாறியிருப்பின் வீட்டுப் பதிவின் வரலாறு வேறாக அமைந்திருக்கும். சிறுவர் நிகழ்ச்சி நடத்திய பிரெட் றோஜேர்ஸ், தமது நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்வதைத் தாம் வரவேற்பதாகச் சாட்சியமளித்திருந்தார்; பெரும்பான்மைத் தீர்ப்பு அதனையும் எடுத்துக்காட்டியது.

பூட்டும் சாவியும்

சட்டமன்றத்தில் தோற்றதைப் பூட்டினால் வெல்லலாம் என்பதை 1986ஆம் ஆண்டு அனுபவம் உணர்த்தியிருந்தது. 1998இல் இயற்றப்பட்ட எண்ணிம ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பூட்டுக்கே சட்டத்தின் காவலை வழங்கியது. இதன் விளைவு நுட்பமானது. ஒருவர் விலைகொடுத்து வாங்கிய திரைப்பட இறுவட்டைத் தம் வீட்டுக் கணினியிற் படியெடுப்பதற்கு அதன் மறைகுறியை உடைத்தல் வேண்டும். உடைத்தல் சட்டத்துக்கு முரணாகும். ஆகவே படியெடுத்தல் நியாயமானதா என்ற வினா எழுமுன்னரே கதவு மூடப்பட்டுவிடுகின்றது. சட்டத்துக்கு விலக்குகளை வழங்கும் பொறுப்பு காங்கிரஸ் நூலகத்திடம் விடப்பட்டது. 2006இல் திரைப்படக் கல்விப் பேராசிரியர்களுக்கும், 2010இல் அத்துறை மாணவர்களுக்கும், படங்களின் சிறு பகுதிகளைப் பாடத்துக்காக எடுக்கும் விலக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த இச்சிறு சாவி, வீட்டாருக்குக் கிடைக்கவில்லை.

காற்றுவழி ஒளிபரப்பையும் இவ்வாறு கட்டுப்படுத்தும் முயற்சி நடைபெற்றது. எண்ணிம ஒளிபரப்போடு ஒரு குறியை இணைத்து, அக்குறிக்குப் பணியாத பெறு கருவிகளை விற்கலாகாது என 2003இல் ஆணைக்குழு விதித்தது. இதனை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்று வென்றவர் பெரு வணிகரல்லர். அமெரிக்க நூலகச் சங்கத்தாரே முதன்மை வழக்காளிகளாவர். ஒளிபரப்பு முடிந்த பின்னர் பெறு கருவி என்ன செய்கின்றது என்பதை ஆளும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு இல்லை என 2005 மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று வீட்டுச் சேவையகங்களில் அன்ரனாவின் நிகழ்ச்சிகள் தடையின்றிப் பதிவாவதற்கு நூலகர்களின் இவ்வெற்றி முக்கிய காரணமாகும். அன்ரனாவை நாட்டும் உரிமையும் இதற்கு முன்னரே பெறப்பட்டிருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆணைக்குழு வகுத்த விதி, தமக்குரிய இடத்தில் அன்ரனா வைப்பதை உள்ளூராட்சி மன்றங்களோ குடியிருப்புச் சங்கங்களோ நியாயமின்றித் தடுக்கலாகாது என்றது.

ஆயினும் பொது அன்ரனா என்ற பழைய கருத்து மீண்டும் தலைதூக்கியபோது அது அனுமதிக்கப்படவில்லை. 2012இல் நியூயோர்க்கில் தொடங்கிய ஏரியோ நிறுவனம், விரல்நுனியளவான அன்ரனாக்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி, சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஒன்றை ஒதுக்கி, அதில் வரும் ஒளிபரப்பை இணையம் வழியே அவருக்கு அனுப்பியது. மாதக் கட்டணம் 8 டொலரிலிருந்து தொடங்கியது. அன்ரனா சந்தாதாரருடையது, அதனை வைத்திருக்கும் இடம் மட்டுமே எம்முடையது என்பது அதன் வாதம். 2014 சூன் 25ஆம் நாள் உயர் நீதிமன்றம், அறுவருக்கு மூவர் என்ற கணக்கில் இவ்வாதத்தை நிராகரித்தது. 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்றுவதற்காகவே காங்கிரஸ் 1976இல் சட்டம் இயற்றியது என்பதும், ஏரியோ பழைய கேபிள் நிறுவனங்களையே ஒத்துள்ளது என்பதும் அதன் நியாயங்கள். மகனோய் சிற்றியின் மலை அன்ரனாவே, அறுபத்தாறு ஆண்டுகளின் பின், நீதிமன்றத்தில் மீண்டும் விசாரிக்கப்பட்டதெனலாம்.

துண்டிக்கப்பட்ட கேபிள்

2009 சூன் 12ஆம் நாள் அமெரிக்காவின் முழுவலு நிலையங்கள் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தி, முற்றாக எண்ணிம முறைக்கு மாறின. இதன் பயனாக, கூரையிலோ யன்னலோரத்திலோ வைத்த சாதாரண அன்ரனாவொன்றே தெளிவு மிக்க படத்தைத் தரலாயிற்று. அதே காலப்பகுதியில் இணையத்தின் வேகமும் வளர்ந்தது. இறுவட்டுகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பி வந்த நெற்பிளிக்ஸ், 2007இல் ஸ்ட்ரீமிங் முறையைத் தொடங்கியது. 2010களின் தொடக்கத்தில் ஏறத்தாழ பத்துக் கோடி வீடுகளிலிருந்த கட்டணத் தொலைக்காட்சி, அதன்பின் ஆண்டுதோறும் சந்தாதாரரை இழந்து வந்தது. நீல்சன் நிறுவனத்தின் கணிப்பின்படி, 2022 சூலையில் ஸ்ட்ரீமிங் பார்வை நேரம் கேபிளின் பார்வை நேரத்தை முதன்முறையாக மிஞ்சியது. 2025 மே மாதத்தில் அது கேபிளையும் காற்றுவழி ஒளிபரப்பையும் சேர்த்த தொகையையே மிஞ்சியது.

இதனை வீட்டாரின் விடுதலையென்று பலர் வரவேற்றனர். ஆனால் இறுவட்டுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. அமெரிக்கச் சட்டப்படி, திரைப்பட இறுவட்டை விலைக்கு வாங்கியவர் அதனை இரவல் கொடுக்கலாம், வாடகைக்கு விடலாம், விற்கலாம், எவரையும் கேட்கவேண்டியதில்லை. நெற்பிளிக்ஸ் முதலில் வளர்ந்ததும் இவ்வுரிமையின் பலத்தினாலேயே. ஸ்ட்ரீமிங் முறையிலோ ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். அனுமதிக் காலம் முடிந்ததும் படம் மறைந்துவிடும். 2023 செப்ரெம்பர் 29ஆம் நாள் நெற்பிளிக்ஸ் தனது இறுதி இறுவட்டுகளை அனுப்பியபோது, உடைமையின் காலம் முடிந்து அனுமதியின் காலம் முழுமை பெற்றது.

இதன் விளைவுகள் விரைவிலேயே தெரிந்தன. 2022 நவம்பரில் டிஸ்னி நிறுவனம் தனது சேவையில் வெளியிடத் தொடங்கிய வில்லோ என்னும் தொடரை, 2023 மே மாதத்தில் அதே நிறுவனமே நீக்கிவிட்டது. 2023 டிசெம்பரில், தம்மிடம் விலைகொடுத்து வாங்கப்பட்ட டிஸ்கவரி நிகழ்ச்சிகளையே வாங்கியோரின் தொகுப்பிலிருந்து அகற்றப்போவதாகச் சோனியின் பிளேஸ்ரேஷன் சேவை அறிவித்தது. புதிய உடன்பாட்டின் பின்னரே அவ்வறிவித்தல் மீளப்பெறப்பட்டது. வீட்டிற் பதிவு செய்யும் உரிமைக்காக உயர் நீதிமன்றம் வரை சென்ற அதே சோனி நிறுவனத்தின் பெயரில் இது நிகழ்ந்தமை வரலாற்றின் முரண்நகை எனலாம். நெற்பிளிக்ஸ் 2023இல் அமெரிக்காவிலே கடவுச்சொல்லை வெவ்வேறு வீட்டார் பகிர்வதைத் தடுத்தது. அமேசன் 2024இல் தன் சேவையில் விளம்பரங்களைப் புகுத்தியது. ஒரு பெரிய சுங்கச் சாவடி இருந்த வீதியிற் பல சிறிய சாவடிகள் எழுந்தனவேயன்றி, சாவடி ஒழிந்துவிடவில்லை.

வீட்டுச் சேவையகமும் வரலாற்று மூலங்களும்

இச்சூழலிலேயே வீட்டுச் சேவையகத்தின் முக்கியத்துவம் விளங்குகின்றது. அதன் அமைப்பு எளிமையானது. அன்ரனாவிலிருந்து வரும் எண்ணிம அலையைச் சிறு கருவியொன்று கணினிக்குரிய தரவாக மாற்றுகின்றது; கணினி அதனை வன்தட்டிற் சேமித்து, வீட்டிலுள்ள திரைகளுக்கெல்லாம் வழங்குகின்றது. ஓர் ஒளிபரப்பு அலைவரிசையின் முழுக் கொள்ளளவு நொடிக்கு ஏறத்தாழ 19.4 மெகாபிற்று ஆகும். அக்கொள்ளளவு முழுவதையும் பதிந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு 9 கிகாபைற்றுக்கு மேற்படாது. ஆகவே 4 ரெராபைற்று வன்தட்டொன்று 400 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளைக் கொள்ளும். இதற்கான மென்பொருள்களிற் பல ஆர்வலர்களின் கூட்டுழைப்பால் உருவானவை. மித்ரீவியும், இன்று கோடி என வழங்குவதும் 2002இல் தொடங்கின. முன்னிருந்த மென்பொருளொன்றின் மூலக்குறிகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டபோது, அதிலிருந்து பிரிந்து 2018இல் ஜெலிபின் தோன்றியது. பீற்றாமக்ஸ் நாடாவின் இடத்தை இன்று பெற்றிருப்பது இச்சேவையகமே.

இவ்வாறு வைத்திருத்தல் தனிமனிதரின் பொழுதுபோக்கு மட்டுமா? தொலைக்காட்சியின் வரலாறு வேறு விடை தருகின்றது. 1946 முதல் 1956 வரை இயங்கிய டூமொண்ட் வலையமைப்பின் நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை இன்று இல்லை. வலையமைப்புகள் தம் செய்தி ஒளிபரப்புகளை முறையாகப் பேணாமையைக் கண்டே, 1968 ஆகஸ்ட் 5ஆம் நாள் வண்டர்பில்ட் பல்கலைக்கழகம் மாலைச் செய்திகளைப் பதிவு செய்யத் தொடங்கியது. 1973இல் சி.பி.எஸ். நிறுவனம் அப்பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நூலகங்கள் செய்திகளைப் பதிவு செய்ய இடமளித்த பின்னரே அவ்வழக்குக் கைவிடப்பட்டது. பிலடெல்பியாவில் மேரியன் ஸ்ரோக்ஸ் என்னும் முன்னாள் நூலகர், 1970களின் இறுதியிலிருந்து 2012இல் தாம் இறக்கும் வரை, தம் வீட்டிலே இரவு பகலாகச் செய்தி அலைவரிசைகளை நாடாக்களிற் பதிந்து சேர்த்தார். ஏறத்தாழ 70,000 நாடாக்கள் கொண்ட அத்தொகுதி பின்னர் இணைய ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது.

இன்னோர் எடுத்துக்காட்டும் சிந்திக்கத்தக்கது. 1967 சனவரி 15ஆம் நாள் நடைபெற்ற முதலாவது சுப்பர் போல் உதைபந்தாட்டத்தை இரு வலையமைப்புகள் ஒளிபரப்பின. இரண்டும் முழுப் பதிவைப் பேணவில்லை. பென்சில்வேனியாவின் ஸ்கிரான்ரன் நகரில் ஒருவர் தம் பணியிடத்திலிருந்த கருவியில் அதன் பெரும்பகுதியைப் பதிந்து வைத்திருந்தார். பல பத்தாண்டுகளின் பின் அந்நாடாக்கள் வீட்டுப் பரணில் அகப்பட்டன. அவை அக்குடும்பத்தின் உடைமை. ஆனால் அவற்றிற் பதிந்துள்ள ஆட்டமோ விளையாட்டுச் சங்கத்தின் உரிமை. பெறுதல், வைத்திருத்தல், காட்டுதல் என்னும் மூன்றும் வெவ்வேறு உரிமைகள் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

முடிவுரை

இவ்வாராய்ச்சிக்கு எதிராக ஒரு நியாயமான தடை எழுப்பப்படலாம். நிகழ்ச்சிகளை ஆக்குவோருக்கு ஊதியம் வேண்டாமா? நிச்சயமாக வேண்டும். நடிகரும் எழுத்தாளரும் தொழிலாளரும் பட்டினி கிடக்கக் கலை வளர்வதில்லை. காற்றுவழி ஒளிபரப்பு விளம்பரத்தாலும், இறுவட்டு விலையாலும், ஸ்ட்ரீமிங் சந்தாவாலும் அவ்வூதியத்தைத் திரட்டியுள்ளன. ஆகவே விலை கொடுப்பதா இல்லையா என்பதைவிட, கொடுத்த விலைக்கு வீட்டாருக்கு எது எஞ்சுகின்றது என்பதே கேட்கப்படவேண்டிய வினாவாகும்.

இந்நோக்கில் பார்த்தால், கேபிளின் இடத்துக்கு வந்துள்ள மூன்றும் ஒரே தன்மையனவல்ல. ஸ்ட்ரீமிங் அனுமதியைத் தருகின்றது. அன்ரனா பெறும் உரிமையைத் தருகின்றது. சேவையகம் வைத்திருக்கும் ஆற்றலைத் தருகின்றது. பின்னைய இரண்டும் உறுதியானவை என்று அமைதி கொள்வதற்கில்லை. 2017இல் முடிவுற்ற ஏலத்தில், தொலைக்காட்சிக்குரியதாயிருந்த அலைகளின் ஒரு பகுதி ஏறத்தாழ 1,980 கோடி டொலருக்குக் கைபேசித் துறையினருக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அனுமதிக்கப்பட்ட புதிய ஒளிபரப்பு முறையிலே, நிலையங்கள் காற்றுவழி நிகழ்ச்சிகளையும் மறைகுறியாக்க முடியும். பல நிலையங்கள் அவ்வாறு செய்தும் உள்ளன. 2005இல் நூலகர்கள் அடைத்த வாயில் வேறு வழியாகத் திறக்கப்படுகின்றது.

1948இல் பென்சில்வேனியப் பள்ளத்தாக்கு மக்கள் மலையொன்று தடுத்ததால் அன்ரனாவை மலையுச்சிக்குக் கொண்டு சென்றனர். அன்று தடையாக நின்றது இயற்கை. அதனை ஒரு கம்பியால் வெல்ல முடிந்தது. பின்வந்த தடைகள் சட்டத்தாலும் மறைகுறியாலும் ஆனவை; அவற்றை வெல்லுதல் அத்துணை எளிதன்று. எனினும் ஒவ்வொரு காலத்திலும் கடைக்காரர், நூலகர், பல்கலைக்கழகத்தார், இல்லத்தரசியர், ஆர்வலர் என யாரோ ஒருவர் வந்ததைப் பெற்று, பெற்றதை வைத்துக் காத்துள்ளனர். நம் காலத்தின் வரலாற்றை நாளை எழுதப்போவோருக்கு மூலங்களாக அமையப்போவன, அனுமதி முடிந்ததும் மறைந்த படங்களல்ல. எவரேனும் ஒருவரின் வீட்டிலே எஞ்சிக் கிடந்த பதிவுகளேயாகும்.